முன்மொழிந்தவர்: உன் அம்மா

அன்புள்ள மகனுக்கு என்று இரண்டு தாளில் எழுதி, இரண்டையும் கிழித்துப் போட்டுவிட்டேன். அன்பு இல்லாமல் இல்லை. இன்றைக்கு அதை முன்னால் நிறுத்தினால் நான் சொல்ல வந்தது பின்னால் போய்விடும், உனக்கும் அது வசதியாகப் போய்விடும். அதனால் நேராகவே ஆரம்பிக்கிறேன். நேற்று சாயங்காலம் நீ ஓசூரிலிருந்து ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டாய். எனக்குத் தனியாக அனுப்பியிருக்கலாம். உன் மாமன், சித்தப்பன், பெங்களூரில் இருக்கிற பெரியம்மா மகள் என்று அத்தனை பேரும் இருக்கிற குடும்ப குரூப்பில் போட்டாய். மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்த நான் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு கேட்டேன். "அம்மா, கோகிலாவக் கொஞ்சம் அடக்கி வெய்யி. பதினஞ்சாந்தேதி கிராம சபையில அந்தக் கட்டடம் கிட்டடம்னு எழுந்து நின்னான்னா எனக்குத்தான் அசிங்கம். பொண்ணு வீட்டுல காதுல விழுந்தா என்ன ஆவும்? அதனாலதான் நிச்சயத்த அன்னிக்கே வெச்சிருக்கேன். காலையில பத்து மணிக்கெல்லாம் ரெண்டு பேரும் சூளகிரியில இருக்கணும்." நீ எல்லோரும் கேட்கிற மாதிரி பேசினாய். நானும் எல்லோரும் படிக்கிற மாதிரி எழுதுகிறேன். இதைப் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து அதே குரூப்பில் போடுவேன்.

அடக்கி வைக்க உன் தங்கை என்ன குக்கரா? உனக்கு எந்த வாய் வந்து அந்தச் சொல்லைச் சொன்னது என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். யோசிக்க யோசிக்க ஆத்திரம் உன் மேல் மட்டும் வரவில்லை. அந்தச் சொல்லை நீ வெளியூரில் கற்றுக்கொள்ளவில்லை, இந்த வீட்டில்தான் கற்றுக்கொண்டாய். நானும் கற்றுக்கொடுத்தவர்களில் ஒருத்தி. அதையும் இங்கே எழுதத்தான் போகிறேன். கோபத்தில் எழுதுகிறேன் என்று உன் அப்பா சொல்கிறார். ஆமாம், கோபத்தில்தான் எழுதுகிறேன். இத்தனை வருஷம் நிதானமாக இருந்து என்னத்தைக் கண்டேன்?

நான் வார்டு மெம்பராக இருந்த காலம் உனக்கு ஞாபகம் இருக்கும். நம் வார்டைப் பெண்களுக்கு ஒதுக்கினார்கள். உன் அப்பா நிற்க முடியாது, அதனால் என்னை நிறுத்தினார். நோட்டீசில் என் படம் தபால்தலை அளவு, கும்பிட்டபடி நிற்கிற அவர் படம் அரைப் பக்கம். ஜெயித்த அன்றைக்கு மாலையை அவர் கழுத்தில் போட்டார்கள். நான் எல்லோருக்கும் காபி போட்டேன். அன்றிலிருந்து ஊரே அவரை மெம்பர் என்று கூப்பிட்டது. யாராவது வந்து "மெம்பர் இருக்காரா?" என்று கேட்டால், ஓட்டு வாங்கி ஜெயித்த நான் வாசலில் நின்றுகொண்டு, "மெம்பர் மத்தூர் சந்தைக்குப் போயிருக்காருங்க" என்று சொல்வேன். எனக்கு அது தப்பாகவே படவில்லை. வீட்டில் இருந்த உனக்கும் கோகிலாவுக்கும் அப்படித்தான் பாடம் ஆகியிருக்கிறது, இல்லையா?

ஒரே ஒரு தடவை கூட்டத்துக்கு நானாகப் போனேன். அது உனக்குத் தெரியாது. உன் அப்பாவுக்கு ஜுரம், யாராவது போக வேண்டும் என்று போனேன். ஊராட்சி ஆபீஸ் படியேறியதும் கிளார்க்கு எழுந்து வந்து, "ஏம்மா, நீங்க எதுக்கு இந்த வெயில்ல? மெம்பர அனுப்பியிருக்கலாமே" என்றார். மெம்பரிடமே மெம்பரை அனுப்பியிருக்கலாமே என்கிறார்! நான் என்ன செய்தேன் தெரியுமா? சிரித்தேன். "அவருக்கு ஒடம்பு சரியில்லீங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன். நாற்காலியில்கூட உட்காரவில்லை. அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

அப்புறம் எல்லாம் வீட்டுக்கே வந்துவிட்டது. கிளார்க்கு பைக்கில் வருவார், தீர்மான நோட்டை நீட்டுவார். கூட்டம் நடந்த மாதிரியும் நான் அதில் உட்கார்ந்து பேசின மாதிரியும் அதில் எழுதியிருக்கும். அடுப்பில் இருந்தால் கரண்டியை வைத்துவிட்டு வருவேன். நீதான் பக்கத்தைப் பிரித்து, விரலை வைத்து, "இங்க போடும்மா" என்பாய். போடுவேன். என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு நாளும் கேட்கவில்லை. எட்டாவது வரைக்கும் படித்தவள் நான், எழுத்துக் கூட்டத் தெரியாதவள் இல்லை. மாங்காய் சீசனில் நான் மாம்பழக்கூழ் ஃபேக்டரிக்கு வேலைக்குப் போய்விடுவேன், அந்த நாட்களில் என் கையெழுத்தை நீயே போட்டாய். பள்ளிக்கூட ரேங்க் கார்டில் போட்டுப் பழகின கைதானே. "அம்மா கையெழுத்து அம்மாவவிட எனக்கு நல்லா வரும்" என்று நீ ஒரு தடவை சொன்னாய், உன் அப்பா கைதட்டிச் சிரித்தார், நானும் சிரித்தேன். பிள்ளை கெட்டிக்காரன் என்று பக்கத்து வீட்டில் போய்ப் பெருமையடித்துக்கொண்டேன். புத்தி கெட்டவள்.

அந்தக் கட்டடத்துக்கு வருகிறேன். மகளிர் குழுக்காரர்களுக்கு என்று கட்டின ஒற்றை அறைக் கட்டடம். ஏதோ ஒரு கம்பெனிக்காரர்கள் ஆறு கம்ப்யூட்டர் கொடுத்தார்கள். கிருஷ்ணகிரியிலிருந்து ஒரு டீச்சரம்மா வாரத்தில் மூன்று நாள் வந்து சொல்லிக்கொடுத்தார். பையன்களுக்கு மத்தூரில் பிரவுசிங் சென்டர் இருந்தது, பைக் இருந்தது, இருட்டின பிறகும் திரும்பி வரலாம். பெண் பிள்ளைகளுக்கு அந்த ஒரு அறைதான். கோகிலா ப்ளஸ் டூ படித்துக்கொண்டே அங்கே போனாள். சாப்பிடும்போதுகூட விரலைத் தட்டில் தட்டிக்கொண்டிருப்பாள், எந்த எழுத்து எங்கே இருக்கிறது என்று பாடம் செய்கிறாளாம். பெயர் எழுதின ஒரு தாளை அச்செடுத்துக்கொண்டு வந்து என்னிடம் காட்டினாள். என் பெயர்தான். அதன் கீழே வார்டு உறுப்பினர் என்று போட்டிருந்தாள். இந்த வீட்டில் என்னை அப்படி எழுதின ஒரே ஆள் அவள்தான்.

ஒரு நாள் போனவள் போன வேகத்தில் திரும்பி வந்தாள். கட்டடத்துக்குப் பூட்டுப் போட்டிருக்கிறது, உள்ளே மாங்காய் கிரேட்டுப் பெட்டிகளை அடுக்கியிருக்கிறார்கள் என்று அழுதாள். "அம்மா, நீதானே மெம்பரு. போயிக் கேளும்மா" என்று என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். நான் என்ன சொன்னேன் என்பது எனக்கு வார்த்தை வார்த்தையாக ஞாபகம் இருக்கிறது. "நான் என்னடி பண்ண முடியும்? பெரியவங்க ஏதாச்சும் யோசனை பண்ணித்தான் செஞ்சிருப்பாங்க. போயி மாட்டப் புடிச்சிக் கட்டு" என்றேன். அவள் போய் மாட்டைக் கட்டினாள். கிரேட்டுகள் உன் அப்பாவின் சேக்காளி, மாங்காய் மண்டிக்காரருடையவை. சீசன் முடிந்ததும் காலி செய்துவிடுவார் என்றார்கள். நாலு சீசன் ஆகிவிட்டது. ஆறு கம்ப்யூட்டரும் இன்னும் அங்கேதான் மூலையில் கிடக்கின்றன, வயரை எலி கடித்துவிட்டது.

அந்த அறையில் படித்துப் பாதியில் நின்ற பிள்ளைகள் என்ன ஆனார்கள் என்று உனக்குத் தெரியாதா? தெரியும். நீயும் ஓசூர்க் கம்பெனியில்தானே வேலை பார்க்கிறாய், தினமும் கண்ணால் பார்க்கிறாய். கம்பெனி பஸ் ஏறி ஓசூருக்குப் போனார்கள், செல்போன் செய்கிற இடத்தில் நின்றார்கள். கோகிலாவும் இரண்டு வருஷம் நின்றாள். ஹாஸ்டலில் இருந்து போன் பண்ணினால், "இன்னிக்கும் அதே ஸ்க்ரூதாம்மா" என்பாள். பெண் பிள்ளைகளுக்குக் கை சின்னது, சின்ன ஸ்க்ரூ நன்றாகப் போடுவார்கள் என்று நீயே ஒரு தடவை சோறு தின்றுகொண்டே எனக்கு விளக்கம் சொன்னாய். மேலே ஒரு வேலை வந்தபோது கம்ப்யூட்டரில் கணக்குத் தட்டத் தெரிந்தவர்கள் யார் என்று கேட்டார்களாம். அவளோடு நின்ற எட்டுப் பேரில் ஒருத்திக்கும் தெரியவில்லை. பக்கத்து லைனில் இருந்த ஒரு பையனுக்குக் கொடுத்தார்கள். கான்ட்ராக்ட் முடிந்ததும் எட்டுப் பேரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அதில் ஐந்து பேருக்கு அந்த வருஷமே கல்யாணம். அவர்களுக்கு மூளை இல்லையா? கை மட்டும்தான் இருந்ததா?

கோகிலா மட்டும் விடவில்லை. கிருஷ்ணகிரிக்குப் பஸ் ஏறிப் போய்க் கற்றுக்கொண்டு, இப்போது மத்தூரில் இ-சேவை மையத்தில் உட்கார்ந்திருக்கிறாள். ஊரில் பாதிப் பேருக்கு மனு எழுதிக் கொடுப்பது அவள்தான். அந்த அறையைத் திறந்துவிட்டால் சாயங்காலம் சும்மாவே சொல்லிக்கொடுக்கிறேன் என்கிறாள். பதினான்கு பெண் பிள்ளைகள் பெயர் கொடுத்திருக்கிறார்கள். ஆபீசில் போய்க் கேட்டாள். தீர்மானம் போட்டு மூடியது, எங்களால் ஒன்றும் செய்ய முடியாது என்றார்கள். எந்தத் தீர்மானம், யார் போட்டது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டாள். அந்தத் தீர்மானத்தின் நகல் போன வாரம் வந்தது.

சமையல்கட்டில் வந்து போனை என் முன்னால் நீட்டினாள். பயன்படுத்துவார் இல்லாத காரணத்தால் மேற்படி கட்டடத்தைப் பொருட்கள் வைக்கும் இடமாக மாற்றிக்கொள்ளத் தீர்மானிக்கப்பட்டது என்று இருந்தது. பயன்படுத்துவார் இல்லையாம்! அதன் கீழே முன்மொழிந்தவர் என்று போட்டு என் பெயர், பக்கத்தில் என் கையெழுத்து. என்னுடைய வார்டு, அதனால் நான்தான் முன்மொழிந்தேனாம். "அம்மா, இது உன் கையெழுத்தா?" என்று கேட்டாள். நான் இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தேன். பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. என் பெயரில் வருகிற கடைசி எழுத்துக்கு நான் வால் விடுவதில்லை. நீ விடுவாய்.

"ஆமா, என்னுதுதான்" என்றேன். பொய் சொன்னேன். பெற்ற வயிறு, வேறு என்ன செய்யும்? உனக்குக் கல்யாணம் கூடி வருகிற நேரம், நல்ல வேலையில் இருக்கிறாய், பழி என் தலையோடு போகட்டும் என்று நினைத்தேன். அவள் கத்தவில்லை. "அப்ப நீதான் எங்கள வெளிய தள்ளிப் பூட்டுனியா? அன்னிக்கு நான் அழுதுகிட்டு வந்து நின்னப்ப, மாட்டக் கட்டச் சொன்னியே, உனக்குத் தெரிஞ்சேதான் சொன்னியா?" என்று கேட்டாள். என்னால் தாங்க முடியவில்லை. அடுப்பை அணைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். "இல்லடி, சத்தியமா எனக்குத் தெரியாது. அது உங்கண்ணன் போட்டது" என்றேன். அவள் என் பக்கத்தில் உட்கார்ந்து, "எனக்குத் தெரியும்மா. அவன் போடுறத நான்தான் சின்ன வயசுல இருந்து பாக்கறேனே. நீ வாயத் தொறந்து சொல்றியான்னுதான் கேட்டேன்" என்றாள்.

அந்த நகலை அவள் உனக்கும் அனுப்பினாள் என்று எனக்கு அன்றைக்கே தெரியும். நீ அவளுக்கு ஒரு பதில்கூடப் போடவில்லை. நாலு நாள் கழித்து நிச்சயத்தைப் பதினைந்தாம் தேதிக்கு மாற்றினாய். கம்பெனியில் லீவு இல்லை, சுதந்திர தினம்தான் தோது என்று என்னிடம் சொன்னாய். நான் அதை நம்பி, வெற்றிலை பாக்குப் பழம் எல்லாம் எழுதி வைத்துவிட்டேன். நேற்று உன் குரலைக் கேட்ட பிறகுதான் புரிந்தது. நீ அசிங்கத்துக்குப் பயப்படவில்லை. அந்த வாலுக்குப் பயப்படுகிறாய். உன் தங்கை அன்று ஊரில் இருக்கக் கூடாது, நானும் இருக்கக் கூடாது, அதற்கு உன் நிச்சயம் ஒரு சாக்கு. இதில் உன் அப்பாவும் கூட்டு என்று இன்று காலையில் தெரிந்தது. கேட்டேன். டிவி சத்தத்தைக் கூட்டினார். பிடுங்கி அணைத்தேன். "விட்டுத் தொலையேன். பழைய கதைய எதுக்குக் கிளறுற? அவன் வாழ்க்க கெட்டுப் போவாதா?" என்றார். அந்தப் பதினான்கு பேருக்கு வாழ்க்கை இல்லையா என்று கேட்டேன்.

அதனால் இதைத் தெளிவாகப் படித்துக்கொள். பதினைந்தாம் தேதி நான் சூளகிரிக்கு வரமாட்டேன். கோகிலாவும் வரமாட்டாள். பள்ளிக்கூடத்து மரத்தடியில் சபை கூடும். அவள் எழுந்து அறையைத் திறக்கச் சொல்லிக் கேட்பாள். மெம்பரம்மாவே முன்மொழிந்து மூடியதுதானே என்று யாராவது சொல்வார்கள், நிச்சயம் சொல்வார்கள். அப்போது நான் எழுந்து மைக்கை வாங்குவேன். அந்தக் கையெழுத்து என்னுடையது இல்லை என்று சொல்வேன். ஐந்து வருஷம் என் பெயரில் நடந்தது எதையும் நான் படித்ததில்லை, கேட்டதில்லை, அது என் குற்றம் என்று சொல்வேன். நோட்டை வீட்டுக்குக் கொண்டுவந்து நீட்டினதும் தப்பு, ஆபீசுக்குப் போய் உட்காராமல் திரும்பி வந்ததும் தப்பு என்று சொல்வேன். பிறகு யார் போட்டது என்று கேட்பார்கள். கேட்டால் மறைக்க மாட்டேன்.

இதனால் உனக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. கோகிலாவிடம் கேட்டேன், கேஸ் வரைக்கும் போகலாம், போகாமலும் இருக்கலாம் என்றாள். அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. நீ என் மூத்த பிள்ளை. உனக்குக் காய்ச்சல் கண்டால் எனக்குத்தான் வாய் கசக்கும். அது வேறு, இது வேறு. உனக்கு அன்றைக்கு இருபது வயது, அப்பா சொன்னார், போட்டாய், படிக்காமல் போட்டாய் என்றே வைத்துக்கொள்கிறேன். அதை நீயே வந்து அந்தச் சபையில் சொல்லிவிடு. பதினோரு மணிக்கு வந்து நின்று, "நான்தான் போட்டேன், தப்புதான், அந்த ரூமைத் தெறந்து விடுங்க" என்று சொல். அப்படிச் சொல்கிற பிள்ளைக்குப் பக்கத்தில் நான் நிற்பேன், ஸ்டேஷன் வரைக்கும் போக வேண்டி வந்தாலும் நிற்பேன். பெண் பிள்ளைகளை வாயை மூடச் சொல்லிவிட்டு ஒளிந்துகொள்கிற பிள்ளைக்கு நான் என்ன செய்ய முடியும்?

இவ்வளவோடு நிறுத்திவிடலாம் என்றுதான் இருந்தேன். இன்று மத்தியானம் பவித்ரா போன் பண்ணினாள். நீ கட்டிக்கொள்ளப் போகிற பெண், இன்னும் இந்த வீட்டு வாசலை மிதிக்காதவள். முதல் தடவையாக அவளாக எனக்குப் போன் பண்ணுகிறாள், நல்ல சேதிதான் என்று எடுத்தேன். "அத்தை, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். தப்பா எடுத்துக்காதீங்க" என்றாள். அவள் கம்பெனியில் ரோபோ மெஷினுக்குப் புரோகிராம் போடக் கற்றுக்கொடுக்கிற டிரெய்னிங்குக்கு நான்கு பேரை எடுத்திருக்கிறார்களாம். அதில் அவள் ஒருத்திதான் பெண். அடுத்த மாதம் ஆரம்பம். சொல்லும்போதே அவள் குரலில் ஒரு சந்தோஷம், பாவம், அதை அடக்கிக்கொண்டு பேசினாள். "அவரு ஒரு லெட்டர் அனுப்பியிருக்காரு அத்தை. குடும்பக் காரணத்துக்காக வேலைய விட்டு நின்னுக்கறேன்னு என் பேர்ல அவரே டைப் பண்ணி அனுப்பியிருக்காரு. கையெழுத்து மட்டும் போட்டுக் குடுத்துடுன்னாரு. இது நீங்க சொல்லித்தான் எழுதினாரா அத்தை?"

அந்த லெட்டரை எனக்கு அனுப்பச் சொன்னேன். வந்தது. நல்ல இங்கிலீஷ், ஒரு பிழை இருக்காது என்று நினைக்கிறேன். கீழே அவள் பெயர், அதற்கு மேலே கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தாய்.

அவளுக்குப் பதில் எழுதக் கோகிலாவைக் கூப்பிடவில்லை. ஒவ்வொரு எழுத்தாகத் தேடி நானே தட்டினேன், கால் மணி நேரம் ஆனது: நான் சொல்லி எழுதினது இல்லை கண்ணு. முழுசாப் படி. உனக்கு இஷ்டம் இல்லன்னா கையெழுத்துப் போடாத. யாரு கேட்டாலும் போடாத. என் மகன் கேட்டாலும் போடாத.